பட்டியலில் இருபத்தாறு

கொரிந்து நகரத்தில் அந்த வருடம் வயதைக் கூட்டிச் சொல்ல ஆசைப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். மற்ற எல்லோரும் குறைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன் ஆறு வருடம் நானும் அதையேதான் செய்தேன்.

என் பெயர் திரிஃபோன். அகாயா மாகாணத்தின் ஆளுநர் சால்வியஸ் கார்போவுக்கு அடிமை. அவர் சாப்பிடும்போதும், குளித்துவிட்டுச் சாய்ந்திருக்கும்போதும் புத்தகச் சுருளை விரித்து உரக்கப் படிப்பது என் வேலை என்று வீட்டுப் பட்டியலில் எழுதியிருக்கும். எழுதாத வேலை என்ன என்பது மாகாணம் முழுக்கத் தெரியும். அதில் யாருக்கும் வெட்கம் இல்லை. ரோமானியர்களுக்குப் படுக்கையில் ஆணா பெண்ணா என்பது பெரிய விஷயமே கிடையாது. யார் மேலே, யார் கீழே என்பதுதான் விஷயம். எஜமான் மேலே இருக்க வேண்டும். கீழே இருப்பவன் அடிமையாக, தோள்வரை தொங்கும் தலைமுடியோடு, மழமழவென்ற முகத்தோடு இருக்க வேண்டும். இது சரியாக இருக்கும்வரை ஆளுநரின் அறையைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

டெலோஸ் தீவுச் சந்தையில் அவர் என்னை வாங்கியபோது எனக்கு இருபத்தாறு. வியாபாரி இருபது என்று சொல்லி விற்றான். பின்னால் தெரிந்தால் என் முதுகுத் தோல்தான் உரியும் என்று பயந்து, வந்த முதல் வாரத்திலேயே நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். கார்போ கோபப்படவில்லை. என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இருந்துட்டுப் போகட்டும். இருபதுதான் உனக்கு நல்லா இருக்கு."

அந்தச் சிரிப்பை நான் பிரியம் என்று எடுத்துக்கொண்டேன். ஆறு வருடம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பொய்யை முகத்தில் காப்பாற்றிக் கொடுத்தவன் மிக்கியோன். அவனும் ஒரு காலத்தில் அடிமையாக இருந்து விடுதலையானவன். பைரீனி ஊற்றுக்குப் பக்கத்தில் சொந்தமாக நாவிதக் கடை வைத்திருந்தான். தினமும் காலையில் ஆளுநர் வீட்டுக்கு வந்து எஜமானுக்கு மழித்துவிட்டு, பிறகு பின்கட்டில் என்னை உட்கார வைப்பான். கத்தி பட்டால் முள் முளைக்கும் என்று, சூடான பிசினைத் தடவிப் பிய்த்து எடுப்பான். மிச்சத்தைச் சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்குவான். என் கண்ணில் நீர் வழியும்.

"என்ன தம்பி, ராத்திரியோட ராத்திரியா வயக்காடே முளைச்சிருக்கு" என்பான். இரண்டு வருடத்துக்கு முன்பு முகவாயில் முதல் நரை வந்தபோது அதைச் சாமணத்தில் பிடித்துத் தூக்கிக் காட்டி, இதை நானும் பார்க்கவில்லை, நீயும் பார்க்கவில்லை என்று ஊதிவிட்டான். என் வயது எஜமானுக்குத் தெரியும், மிக்கியோனுக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது.

அந்த வசந்தத்தில் கார்போவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண், ரோமாபுரியின் பெரிய குடும்பத்து அருந்தியா. இருபத்துநான்கு வயது, முதல் கணவன் காய்ச்சலில் போய்விட்டான். அவளுடைய அப்பா அருந்தியஸ் கப்பலில் வந்து இறங்கி, மரியாதையாகவே ஒரு வார்த்தை சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகு தலைமுடி நீண்டவன் வீட்டில் இருக்கக் கூடாது. அதற்கு முன்பு இருந்ததைப் பற்றி அவருக்கு ஒன்றும் இல்லை. அவர் வீட்டிலும் அப்படி ஒருவன் இருந்திருக்கிறான்.

ரோமானியர்களிடம் இதற்கென்றே ஒரு சடங்கு உண்டு. எஜமானின் கல்யாணத்தன்று அவனுடைய பிரியமான அடிமைக்கு முடியை வெட்டிவிடுவார்கள். ஊர்வலத்தில் அவன் கூடை நிறைய அக்ரூட் கொட்டைகளைச் சுமந்துபோய்ப் பிள்ளைகளுக்கு வீச வேண்டும். விளையாட்டு முடிந்தது என்று அதற்கு அர்த்தம். மறுநாள் அவனை எங்கேயாவது பண்ணைக்கு அனுப்பிவிடுவார்கள். முந்தைய ஆளுநரின் ஆள் ஒருவனை அப்படி அர்க்காடியா மலைப் பண்ணைக்கு அனுப்பினார்கள். ஒரு வருடம் கழித்து ஆட்டுத்தோல் விற்க வந்தவனைச் சந்தையில் பார்த்தேன். முன்பு யாழ் வாசித்தவன். அவன் விரல்களைப் பார்த்த பிறகு முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் கார்போவிடம் விடுதலை கேட்டேன். அதுவரை எதையும் கேட்டதில்லை. அவர் தயங்கவே இல்லை. நீதிமன்றக் கூட்டத்தின் கடைசி நாளில் தாமே பிரம்பை எடுத்துத் தொட்டு விடுவிப்பதாகச் சொன்னார்.

"அக்ரூட்டை நீ அடிமையா வீச மாட்டே. விடுதலைக் குல்லா போட்டுக்கிட்டு வீசுவே. என் பேரையே உனக்குத் தர்றேன், போதுமா?"

கெங்கிரேயா துறைமுகத்தில் பாய்மரத் துணி தைப்பவன் ஒருவன் மாடியறை வாடகைக்கு இருக்கிறது என்று சொல்லியிருந்தான். அங்கே மாலுமிகளின் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கலாம். அன்று ராகம் போட்டுக்கொண்டே படிகளில் இறங்கினேன்.

மிக்கியோன்தான் அந்த ராகத்தை நிறுத்தினான். பட்டியலில் உனக்கு எத்தனை வயது என்று கேட்டான். இருபத்தாறு என்றேன். பிசின் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டான்.

சட்டம் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. முப்பது தாண்டிய அடிமையை எஜமான் பிரம்பால் தொட்டால் போதும், விடுதலை. முப்பதுக்குக் கீழே என்றால் ரோமக் குடிமக்கள் இருபது பேர் உட்கார்ந்த சபை காரணம் கேட்கும். அண்ணன் தம்பி என்றால் ஒப்புக்கொள்வார்கள். பாலூட்டிய தாதி, பாடம் சொன்ன வாத்தியார் என்றால் ஒப்புக்கொள்வார்கள். என்னைப் போன்றவனுக்குச் சபையில் சொல்கிற மாதிரி ஒரு காரணமும் கிடையாது.

எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்குத்தான் முப்பத்திரண்டு ஆகிறதே என்றேன். எஜமான் ஒரு வார்த்தை சொன்னால் பட்டியல் திருந்திவிடும்.

"அவரு சொல்வாரா?" என்றான் மிக்கியோன். "நம்ம கிரேக்க ஆளுங்க ஒருத்தன் மேல ஆசைப்பட்டா அவன் வாசக்கதவுல மாலையைத் தொங்கவிட்டுட்டு உக்காந்து அழுவாங்க. இந்த ரோமானியருங்க ஆசைப்பட்டா ரசீது கேட்பாங்க. எதுக்கும் நீ கையில ஒரு சாட்சி வச்சுக்க."

"நீ இருக்கியே அண்ணே."

அவன் கொஞ்ச நேரம் சாமணத்தைத் துடைத்தான். சரி, கூப்பிட்டால் வந்து சொல்கிறேன் என்று ஊற்றுத் தேவதை மேல் சத்தியம் செய்தான். அதோடு இன்னொரு யோசனையும் சொன்னான். ஆயிரம் சாட்சி பேசாததை ஒரு தாடி பேசிவிடும். வளர்த்துவிடு.

கார்போ அப்போது பத்ராஸ் நகரத்துக்கு ஆய்வுக்குப் போயிருந்தார். பத்து நாள் என் முகத்தை யாரும் தொடவில்லை. முதலில் அரிப்பு, பிறகு கறுப்பு, பிறகு அங்கங்கே வெள்ளை. சமையல்காரி என்னை மாமனாரே என்று கூப்பிட ஆரம்பித்தாள். குளியலறைத் தண்ணீரில் என் முகத்தைப் பார்த்தேன். என் அப்பா முகம் தெரிந்தது. இருபது என்று சொல்லி விற்கப்பட்ட பிறகு அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

நீதிமன்றக் கடைசி நாளுக்கு எட்டு நாள் முன்பு கார்போ திரும்பி வந்தார். கூடத்துக்குள் நுழைந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார். மற்றவர்களை வெளியே போகச் சொன்னார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஆறு வருடத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அதை எடுத்துடு."

சபைக்குச் சாட்சியாக வைத்திருக்கிறேன் என்றேன்.

"என் வாயைவிடப் பெரிய சாட்சியா இந்த நாலு முடி? நாளைக்கு அருந்தியஸ் விருந்துக்கு வர்றார். இப்படி ஒரு முகம் என் கூடத்துல நிக்கக் கூடாது." பிறகு குரலைத் தணித்தார். "வயசை நான் சொல்றேன் திரிஃபோன். என்மேல நம்பிக்கை இல்லையா?"

இப்படிக் கேட்டால் அடிமை என்ன சொல்வான்? அடிமையாக இல்லாவிட்டாலும் அன்று நான் அதையேதான் சொல்லியிருப்பேன். அன்று சாயங்காலமே மிக்கியோன் வந்தான். பிசினைத் தடவிப் பிய்த்தான். ஒரு கேலிகூடச் சொல்லவில்லை. பத்து நாள் வளர்ந்த சாட்சி கிண்ணத்தில் கிடந்தது. அதைக் கொண்டுபோய் அடுப்பில் போட்டான்.

கடைசி நாள் வந்தது. சந்தைக்கு மேற்கே இருக்கும் நீதிமண்டபத்தில் இருபது பேர் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எண்ணெய் வணிகர்கள், கப்பல் முதலாளிகள், ஓய்வுபெற்ற ஒரு படைத்தலைவர். நடுவில் ஆளுநரின் நாற்காலியில் என் எஜமான். அவருக்குப் பக்கத்தில் விருந்தினருக்கான இருக்கையில் மாமனார் அருந்தியஸ். கேட்பவரும் அவரே, தீர்ப்புச் சொல்பவரும் அவரே என்பதால் எனக்கு ஒரு கவலையும் இல்லை. தூண் ஓரம் மிக்கியோன் நல்ல அங்கி போட்டுக்கொண்டு நின்றான்.

எனக்கு முன்னால் ஒரு கிழட்டுத் தாதியை விடுவித்தார்கள். அவள் அழுதாள். பிறகு எழுத்தர் என் பெயரைப் படித்தார். திரிஃபோன், வாசகன், வயது இருபத்தாறு. என்ன காரணம் என்று சபைத் தலைவர் கேட்டார்.

எல்லோரும் கார்போவைப் பார்த்தார்கள். அவர் மடியில் இருந்த பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் காத்திருந்தேன். அவர் தொண்டையைச் செருமுவார், தலையை நிமிர்த்துவார் என்று காத்திருந்தேன். எழுத்தர் காரணம் ஏதும் இல்லை என்று எழுத ஆரம்பித்தபோதுதான் என் வாய் தானாகத் திறந்தது. அங்கே அடிமை பேசக் கூடாது.

"எஜமான், எனக்கு முப்பத்திரண்டு வயசு. உங்களுக்குத் தெரியும்."

முன்வரிசையில் இருந்த ஒரு தடித்த எண்ணெய் வணிகர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார். மெதுவாகப் பேசுவதாக அவருக்கு நினைப்பு.

"முப்பத்திரண்டுன்னா முழு ஆம்பளையாச்சே. அப்ப இத்தனை வருஷமா அந்த வீட்டுல பொண்டாட்டி யாரு?"

சிரிப்பு முன்வரிசையில் தொடங்கிப் பின்வரிசைக்குப் போய், தூண்களுக்கு வெளியே நின்ற கூட்டத்துக்கும் போனது. படைத்தலைவர் மட்டும் சிரிக்காமல் மீசையைத் தடவினார். அருந்தியஸும் சிரிக்கவில்லை. அவர் தன் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சிரிப்பில்தான் எனக்கு எல்லாம் புரிந்தது. ஆறு வருடம் பிசின் தடவிப் பிடுங்கியது என் அழகுக்காக இல்லை. என் முகத்தில் தாடி இருந்தால் ஆளுநரைப் பற்றிக் கேள்வி வரும். முடி நீண்ட பையனை வைத்திருப்பவர் ஆண்மகன். வளர்ந்த ஆளை வைத்திருப்பவர் என்ன என்று ஊர் யோசிக்கும். ஒருதரம் யோசித்துவிட்டால் அந்த நாற்காலியில் உட்கார முடியாது, அந்தப் பெண்ணைக் கட்ட முடியாது. என் இருபத்தாறு அவருடைய மானம். அதை அவர் எப்படி எனக்குக் கொடுப்பார்?

கார்போ தலையை நிமிர்த்தினார். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

"பட்டியல்ல என்ன இருக்கோ அதுதான். பையனுக்கு அவசரம். அதனால வயசாயிடுச்சு."

மறுபடி சிரிப்பு. நான் தூண் பக்கம் கையை நீட்டினேன். சபைத் தலைவருக்கும் விளையாட்டு பிடித்துவிட்டது. நாவிதனை முன்னால் வரச் சொன்னார். இவன் முகத்தில் தாடி உண்டா, நீதானே பார்க்கிறாய் என்று கேட்டார்.

மிக்கியோன் என்னைப் பார்த்தான். பிறகு நாற்காலியைப் பார்த்தான்.

"தாடியா? வெள்ளாட்டுக்குட்டிக்கு இருக்கிற மாதிரி ரெண்டு மூணு இழை இருக்குங்க ஐயா. வேற ஒண்ணும் இல்ல. சின்னப் பையன்தான்."

பேசக் கூடாத இடத்தில் பேசியதற்கு எனக்குப் பத்து சவுக்கடி விழ வேண்டும். கார்போ பெருந்தன்மையாக மன்னித்தார். கூட்டம் கை தட்டியது.

மூன்றாம் நாள் கல்யாணம். காலையில் என் முடியை வெட்டவும் மிக்கியோன்தான் வந்தான். ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று இருந்தேன். அவனாகத்தான் பேசினான். தன் கடை இருப்பது நகரத்தின் நிலம், ஆளுநர் ஒரு விரலை அசைத்தால் கடை ஊற்றுக்குள் போய்விடும் என்றான். சத்தியம் செய்தபோது கடை அங்கே இல்லையா என்று கேட்டேன்.

"அப்ப யாரும் சிரிக்கல தம்பி."

"தம்பின்னு கூப்பிடாதே. உன்னைவிட நாலு வயசுதான் சின்னவன்."

அவன் என் தலையைக் குனிய வைத்தான். கத்தரிக்கோல் காதுக்குப் பின்னால் போனது. முடி என் தோளில் விழுந்து, மடியில் விழுந்து, தரையில் விழுந்தது. கழுத்தில் காற்றுப் பட்டது.

கல்யாண ஊர்வலத்தில் யாரும் யாரையும் பற்றி எந்த அசிங்கத்தையும் பாடலாம். அதற்குத் தண்டனை கிடையாது, கண்ணேறு கழியும் என்று ஐதீகம். பாடகர்கள் என்னைத்தான் முதலில் பிடித்தார்கள். இனிமேல் உன் படுக்கை வைக்கோல்தானா, அக்ரூட்டை எண்ணி வீசு, ஒன்றைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள் என்று தாளம் போட்டார்கள். எதிர்ப்பாட்டுச் சொல் என்று கூடையைப் பிடித்து இழுத்தார்கள். அது ஒன்றுதான் நான் பேச அனுமதி உள்ள இடம். நான் உரக்கச் சொன்னேன்.

"எனக்கு முப்பத்திரண்டு வயசு."

அவ்வளவுதான். தெரு அதிரச் சிரித்தார்கள். நீதிமண்டபத்துக் கதை அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு என்று அதையே பல்லவியாக்கிக்கொண்டு வீட்டு வாசல்வரை பாடினார்கள். கல்யாணத்தில் பாடுவதை யார் நம்புவார்கள்? மாலையோடு நின்ற மாப்பிள்ளையும் கூடச் சேர்ந்து பாடினார். முக்காட்டுக்குள் அருந்தியா மட்டும் என் முகவாயை ஒருமுறை உற்றுப் பார்த்தாள். அதற்குள் அவளைத் தூக்கி வாசலைத் தாண்ட வைத்துவிட்டார்கள். கூடை காலியாகும்வரை நான் வீசினேன்.

மறுநாள் காலையில் ஒரு கோவேறு கழுதை வண்டியில் என்னை ஏற்றினார்கள். வண்டிக்காரனிடம் முத்திரை வைத்துக் கட்டிய மெழுகுப் பலகை ஒன்று இருந்தது. கார்போ வெளியே வரவில்லை. மூன்று நாள் பயணம். அர்க்காடியா மலைச்சரிவில் திராட்சைக் கொடிகள் நடுவே பண்ணை. மேற்பார்வையாளன் பெயர் போல்லோன். அவனும் அடிமைதான், பிறந்ததிலிருந்து அங்கேயே இருக்கிறவன். என் கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று வண்டிக்காரனிடம் கேட்டான். பிறகு முத்திரையை உடைத்துப் பலகையை என்னிடமே நீட்டினான்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. நீ வாசகனாமே, வாசி."

எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எழுத்தருடையது இல்லை. எஜமான் தம் கையாலேயே எழுதியிருந்தார். அந்தக் கையெழுத்தில் வந்த எத்தனையோ கடிதங்களை அவருக்கே படித்துச் சரிபார்த்திருக்கிறேன். மேலே இருந்த தேதியைப் பார்த்தேன். நீதிமன்ற நாள் இல்லை, அதற்குப் பிந்தையதும் இல்லை. நீதிமன்ற நாளுக்கு எட்டு நாள் முந்தையது. என் தாடியை எடுக்கச் சொல்லி, தம்மேல் நம்பிக்கை இல்லையா என்று அவர் கேட்ட அதே நாள். எண்ணெய் வணிகர் இன்னும் வாயைத் திறந்திருக்கவில்லை. யாரும் சிரித்திருக்கவில்லை.

"என்னப்பா, எழுத்து மறந்துபோச்சா?" என்றான் போல்லோன்.

ஒரு வார்த்தையையும் மாற்றாமல் படிப்பதுதான் என் தொழில். அதனால் இருந்தபடியே படித்தேன்.

"போல்லோனுக்குக் கார்போ எழுதுவது. திரிஃபோன் என்பவனை அனுப்புகிறேன். வயது முப்பத்திரண்டு. உடம்பு உறுதியானது. வீட்டு வேலைக்கு வைக்காதே, கொடிக்கு மண் அணைக்கப் போடு. நகரத்துக்கு அனுப்பாதே."

மாட்டை அனுப்பும்போது பல்லை எண்ணிச் சரியாகச் சொல்லத்தானே வேண்டும்? எந்த எண்ணுக்காக இருபது பேர் முன்னால் வாய் திறந்தேனோ அந்த எண் அவர் கையெழுத்திலேயே என் கையில் இருந்தது. அதைக் காட்டி நியாயம் கேட்க மாகாணத்தில் ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு. அதில் அவர்தான் உட்கார்ந்திருக்கிறார்.

போல்லோன் விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டான்.

"வயசை மட்டும் இன்னொரு தடவை படி."

"முப்பத்திரண்டு."

"சரி. இன்னும் இருபது அறுவடை தாங்குவே" என்று சொல்லிவிட்டு, சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்து என்னிடம் கொடுத்தான்.